கேட்ட பள்ளிக்கூடத்தில் சீட் கிடைக்கவில்லையா? நெல்லைச் சீமைப் பெற்றோர் செய்யவேண்டியவை

"சீட் முடிஞ்சிட்டு, வேற பள்ளிக்கூடம் பாருங்க" என்ற பதில் மே, ஜூன் மாதங்களில் பாளையங்கோட்டையிலும் டவுனிலும் பல பள்ளி வாசல்களில் கேட்கிறது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர் பாளையங்கோட்டை. மானூர், முக்கூடல், களக்காடு, ஆலங்குளம் என்று சுற்றுப்பட்டி முழுக்க ஆறாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் அங்கேதான் வந்து நிற்கிறது. பிள்ளைகள் கூடுகிற அளவுக்கு வகுப்பறை கூடுவதில்லை. அதனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் இடம் இல்லாமல் போகும்.

முதலில் ஒரு முடிவு எடுத்துவிடுங்கள்: பள்ளி திறக்கிற நாளில் பிள்ளை ஏதாவது ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். விரும்பிய பள்ளிக்கான முயற்சி அதன்பின் தொடரட்டும். "இன்னும் ரெண்டு நாள்ல சொல்றேன்னு சொல்லியிருக்காங்க" என்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கிற பெரிய தவறு. இரண்டு நாள் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் பக்கத்துப் பள்ளியிலும் பிரிவுகள் நிறைந்துவிடும். பிள்ளைக்கும் தன்னை யாருக்கும் வேண்டாம் என்ற எண்ணம் மனசில் இறங்கிவிடும்.

எந்த 'இல்லை' என்று கேளுங்கள்

வாசலிலோ அலுவலக ஜன்னலிலோ கிடைத்த பதிலை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைமை ஆசிரியரை நேரில் பார்த்து, எந்த வகுப்பில், எந்த மீடியத்தில், எந்தப் பிரிவில் இடம் இல்லை என்று தனித்தனியாகக் கேளுங்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழிப் பிரிவும் ஆங்கில வழிப் பிரிவும் ஒரே வளாகத்தில் நடக்கும். பெற்றோர் முட்டிமோதுவது இங்கிலீஷ் மீடியத்துக்கு. அது நிறைந்தபிறகும் அதே பள்ளியின் தமிழ் வழிப் பிரிவில் இடம் இருப்பதுண்டு. கேட்காதவருக்கு அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தமிழ் வழிப் பிரிவுக்குக் கல்விக் கட்டணமும் கிடையாது.

வேறு காரணங்களும் 'இல்லை' என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். மாற்றுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, பழைய பள்ளியில் கட்டண பாக்கி, ஹாஸ்டலில் இடம் இல்லை, மதிப்பெண் போதவில்லை என்று எதுவாகவும் இருக்கலாம். இடமே இல்லை என்பதற்கும், ஒரு தாள் குறைகிறது என்பதற்கும் மருந்து வேறு வேறு. காரணம் தெரியாமல் சிபாரிசுக்கு ஆள் தேடி அலைவதால் நாள்தான் போகும்.

காத்திருப்போர் பட்டியல் இருந்தால் பெயரை எழுதச் சொல்லி, எத்தனையாவது இடம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி திறந்து இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மறுபடி போய் விசாரியுங்கள். சேர்க்கை போட்டுவிட்டு வராத பிள்ளைகள், அப்பா அம்மாவுக்கு மாறுதல் வந்து வெளியூர் போகிற பிள்ளைகள், கடைசி நேரத்தில் வேறு பள்ளிக்கு மாறுகிறவர்கள் எல்லாம் அந்தச் சமயத்தில்தான் தெரியவருவார்கள். காலை வழிபாடு முடிந்து பத்து மணிக்கு மேல் போனால் தலைமை ஆசிரியரோடு நின்று பேச முடியும்.

அதுவரை எங்கே சேர்ப்பது

அரசுப் பள்ளியில் சேருங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தே சொல்கிறோம். இடம் கிடைக்காத கோபத்தில் பெற்றோர் பலர் உடனே கடன் வாங்கி ஒரு தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கட்டணம் திரும்பி வராது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்துவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. "ஆறாம் வகுப்பை மட்டும் தனியார்ல படிக்கட்டும், அடுத்த வருஷம் கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டுக்கிடலாம்" என்று நினைத்தால் அந்த ஒரு வருடத்தோடு இந்த வாசல் அடைபடும். அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தக் கணக்கில் வராது. அரசுப் பள்ளி மட்டும்தான். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கும், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உரியவை. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிச் சான்று வேண்டும். இதுவரை தமிழ் வழியில் படித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றும்போது எதை விடுகிறோம் என்று தெரிந்தே விடுங்கள்.

செலவையும் பாருங்கள். அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம் பன்னிரண்டு வரை இலவசம், மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை, பதினொன்றில் சைக்கிள். அரசுப் பேருந்தில் சீருடையோடு போகிற பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. புதிய பஸ் பாஸ் கைக்கு வரும்வரை நடத்துநர் இறக்கிவிடக் கூடாது என்று ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் பாட ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, பெண்பிள்ளைக்குப் பூட்டுப் போடுகிற கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு பஸ். காலையில் அந்த நேரத்து பஸ்ஸில் நீங்களே ஒருமுறை ஏறிப் போய்ப் பாருங்கள். ஊருக்குக் காலையில் ஒரே பஸ்தான், அதைத் தவறவிட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு என்றால், எவ்வளவு நல்ல பள்ளியும் ஆகஸ்டுக்குள் அலுத்துவிடும். பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் ஆகாது என்பது எங்கள் கருத்து. மேலப்பாளையத்திலிருந்து பாளைக்குப் போவதும், திசையன்விளையிலிருந்து பாளைக்குப் போவதும் ஒன்றல்ல.

சேர்க்கும் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் "வேறு பள்ளியில் காத்திருப்பில் இருக்கிறோம், கிடைத்தால் மாற்றுவோம்" என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னால் மாற்றுச் சான்றிதழ் கேட்கும்போது மனஸ்தாபம் வராது. பல பிள்ளைகள் காலாண்டுக்குள் அங்கேயே ஒன்றிப்போய், மாற வேண்டாம் என்று சொல்வதும் உண்டு. அப்படிச் சொன்னால் கேளுங்கள்.

எட்டாம் வகுப்பு வரை சட்டம் உங்கள் பக்கம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு முடியும்வரை படிக்க இடம் கொடுப்பது அரசின் கடமை. குறிப்பிட்ட ஒரு பள்ளியில் இடம் வாங்கித் தருவதாக அந்தச் சட்டம் சொல்லவில்லை. நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளியில் இடம் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு அந்தத் தூரம் 3 கிலோமீட்டர். இந்த வேறுபாட்டை மனசில் வைத்து மனு எழுதினால் மனுவுக்கு எடை இருக்கும்.

நமக்கு உதவுகிற பிரிவுகள் இவை. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது (பிரிவு 5). வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது (பிரிவு 14). சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றும் மறுக்கக் கூடாது (பிரிவு 15). சேர்க்கைக்கு நன்கொடை வாங்கினால் வாங்கியதைப்போலப் பத்து மடங்கு வரை அபராதம். நுழைவுத் தேர்வு, நேர்காணல் என்று வடிகட்டினால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைக்கு 50,000 ரூபாய் வரை (பிரிவு 13). தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச இடம் எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு போன்ற தொடக்க வகுப்புக்கு மட்டுமே. ஆறாம் வகுப்புக்கு அதைக் கேட்டுப் பயனில்லை.

நெல்லைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் உதவி பெறுபவையானாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டா. பாளையிலும் டவுனிலும் பெயர்பெற்ற பழைய பள்ளிகள் பலவும் கிறிஸ்தவ நிர்வாகங்களுடையவை. அங்கே பிரிவு எண்ணைச் சொல்லி வாதாடினால் காரியம் ஆகாது. பணிவான விண்ணப்பமும் காத்திருப்புப் பட்டியலும்தான் வழி. ஆனால் ரசீது இல்லாமல் நன்கொடை வாங்குவது எந்தப் பள்ளியிலும் குற்றம். அதற்குத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. "சீட் வாங்கித் தாறேன்" என்று இடையில் வருகிற ஆளிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மனு எழுதும் முறை

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் மனு பள்ளித் தலைமை ஆசிரியருக்கு. வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"என் மகள் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு முடித்துள்ளார். தங்கள் பள்ளி எங்கள் வீட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இன்ன தேதியில் நேரில் வந்து கேட்டபோது ஆறாம் வகுப்பில் இடம் இல்லை எனத் தெரிவிக்கப்பட்டது. தமிழ் வழி அல்லது ஆங்கில வழி, எந்தப் பிரிவில் இடம் இருந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். இயலாவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரிதான் முக்கியம். எழுதித் தரவேண்டும் என்றதும் இன்னொரு தடவை பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். இரண்டு நகல் எடுத்துப்போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த படி அலுவலகம். எந்த அலுவலரிடம் போவது என்பதில்தான் பலருக்கு அலைச்சல். நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். அரசு, உதவி பெறும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை). மெட்ரிக் பள்ளிகளுக்கு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). எல்லோருக்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு இரண்டு மாவட்டத்துக்கும் தனித்தனி முதன்மைக் கல்வி அலுவலர் உண்டு. பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் மனு கொடுக்க வேண்டும். வீடு ஆலங்குளத்தில், கேட்கிற பள்ளி பாளையில் என்றால் மனு திருநெல்வேலிக்குப் போக வேண்டும்.

திங்கட்கிழமைதோறும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே பதிவாகிற மனுவுக்கு எண் கிடைக்கும். கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். நேரில் வர முடியாதவர்கள் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் பதியலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. கல்வி உரிமைச் சட்டத்தின்படி கொடுக்கிற புகாரை முடிக்க மூன்று மாதம் வரை அவகாசம் உண்டு, ஆகவே ஜூன் மாத அவசரத்துக்கு அந்தப் புகாரை மட்டும் நம்பியிருக்க முடியாது. வட்டாரக் கல்வி அலுவலரை நேரில் பார்த்து "பக்கத்தில் எந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இடம் இருக்கிறது" என்று கேட்பது அதைவிட வேகமாக வேலை செய்யும். அவரிடம் வட்டாரத்துப் பள்ளிகளின் எண்ணிக்கை இருக்கும். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரையும் பாருங்கள். அவரும் ஒரு பெற்றோர்தான்.

மாற்றுச் சான்றிதழும் எமிஸ் எண்ணும்

இடம் இருந்தும் சேர்க்கை நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் எமிஸ் எண் ஒன்று இருக்கிறது. பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். கையில் டி.சி. வாங்கியாயிற்று, எமிஸில் விடவில்லை என்றால் புதிய பள்ளியின் கணினியில் பிள்ளை வராது. டி.சி. வாங்குகிற அன்றே "எமிஸ்ல பொதுத் தொகுப்புக்கு விட்டாச்சா?" என்று கேட்டு, எண்ணையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

கட்டண பாக்கிக்காக டி.சி.யை நிறுத்திவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. டி.சி. என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேர்க்கைக்கு டி.சி. கேட்டு வற்புறுத்தக் கூடாது, டி.சி.யில் பாக்கி விவரத்தைக் குறிக்கவும் கூடாது என்று பள்ளிகளுக்கு அறிவுறுத்த அரசுக்கு உத்தரவிட்டது. பழைய பள்ளி இழுத்தடித்தால் இந்த உத்தரவைக் குறிப்பிட்டு அலுவலகத்தில் மனு கொடுங்கள். பாக்கி இருந்தால் அதை அவர்கள் வேறு வழியில் வசூலித்துக்கொள்ளட்டும், பிள்ளையின் வருடம் அதற்குப் பிணையாகக் கூடாது.

டி.சி.யை எங்கும் கொடுக்கும் முன் நான்கைந்து நகல் எடுத்து வையுங்கள். அசலைக் கொடுப்பது ஒரே ஒரு பள்ளிக்கு, சேர்க்கை உறுதியான பிறகு. ஆதார், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், புகைப்படம் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் தாசில்தார் அலுவலகத்தில் மனுக்கள் குவிந்துவிடும்.

பிள்ளையிடம் பேசுவது

தன்னோடு படித்த நான்கு பேருக்குக் கிடைத்து, தனக்கு மட்டும் கிடைக்காத பிள்ளை அதைத் தன் குறையாகவே எடுத்துக்கொள்ளும். உண்மையை நேராகச் சொல்லுங்கள்: இருக்கிற இடத்தைவிடக் கேட்டவர்கள் அதிகம், நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. "நல்லாப் படிச்சிருந்தா கிடைச்சிருக்கும்" என்ற பேச்சை ஆச்சி, பெரியப்பா, பக்கத்து வீடு யார் எடுத்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். விசேஷ வீட்டில் "எங்க சேத்திருக்க?" என்று கேட்டால் பிள்ளை தலைகுனியாமல் சொல்லும்படி, பள்ளியின் பெயரை நீங்கள் முதலில் தெளிவாகச் சொல்லுங்கள். புதிய பள்ளியைப் பிள்ளை முன்னால் மட்டம் தட்டிவிட்டு, அங்கே போய் நன்றாகப் படி என்றால் அது எப்படிப் படிக்கும்?

பழைய தோழர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்க விடுங்கள். புதிய பள்ளிக்குப் போகும் முதல் வாரம் அதே ஊரிலிருந்து அங்கே போகிற மூத்த பிள்ளை ஒன்றோடு பஸ்ஸில் அனுப்பினால் பாதிப் பயம் போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் சரியில்லை, யாரோடும் பேசவில்லை, உயிரோடு இருந்து என்ன என்பதுபோல் ஒரு சொல் வந்தது என்றால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும் 104-லும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு

ஊர் நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். கல்வி உரிமைச் சட்டமும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒன்பதில் சேர்க்கை தேடுகிற பிள்ளைக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு, படிப்பை நிறுத்துகிற ஆபத்து அதிகம். அதிலும் பீடி சுற்றுகிற வீடுகளில் பெண்பிள்ளை "ஒரு வருஷம் வீட்டுல இருக்கட்டும்" என்று தட்டோடு உட்கார்ந்துவிட்டால் திரும்பப் பள்ளிக்குப் போவது அரிது. ஆகவே எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம், பிள்ளைகளை எந்த உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பப் போகிறார் என்று கேளுங்கள். மொத்தமாகப் பேசிச் சேர்த்துவிடுகிற தலைமை ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தூரம் அதிகமானால், அரசின் சமூகநீதி விடுதிகளில் விண்ணப்பம் ஜூனில் வாங்குவார்கள்.

காது கேளாத, பார்வையற்ற பிள்ளைக்குச் சாதாரணப் பள்ளி கைவிரித்தால், பாளையங்கோட்டையில் நூறு ஆண்டு கடந்த சிறப்புப் பள்ளிகள் இரண்டுக்கும் உண்டு. அதே சமயம், பக்கத்துப் பள்ளியில் படிக்கிற உரிமையும் அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பதினெட்டு வயது வரை அதைத் தருகிறது. எது வேண்டும் என்பது குடும்பத்தின் முடிவு.

பதினொன்றில் கேட்ட குரூப் இல்லையென்றால்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்திலேயே கணிதம்-உயிரியல் குரூப் நிறையத் தொடங்கும். அந்த குரூப் கிடைக்காததும் பிள்ளையின் எதிர்காலமே போய்விட்டதாக வீடு இழவு வீடாகிவிடுகிறது. எந்த குரூப் எந்தக் கதவைத் திறக்கிறது என்று பாருங்கள். கணிதம்-கணினி அறிவியல் எடுத்தால் பொறியியலுக்கு ஒரு குறையும் இல்லை, நீட் எழுத முடியாது. கணிதம் இல்லாத தாவரவியல்-விலங்கியல் எடுத்தால் மருத்துவமும் நர்சிங்கும் திறந்திருக்கும், பொறியியல் பெரும்பாலும் மூடும். வணிகவியலிலிருந்து பி.காம்., சி.ஏ.; சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கும் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஒரே பள்ளியைப் பிடித்துக்கொண்டு வேண்டாத குரூப்பில் சேர்ப்பதைவிட, வேண்டிய குரூப்புக்காகப் பள்ளியை மாற்றுவதே சரி.

மதிப்பெண் குறைவு என்றால் பாலிடெக்னிக்கைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். மூன்று வருட டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடப் பிரிவு முடித்து, தமிழ், ஆங்கிலத் தேர்வு எழுதினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணைச் சான்று கிடைக்கும். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்.

பத்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பாடம் போய்விட்டால் ரிசல்ட் வந்த உடனே, அந்த வாரத்திலேயே, படித்த பள்ளி மூலம் துணைத் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பிக்கத் தருகிற நாட்கள் மிகக் குறைவு. அழுது முடிப்பதற்குள் அது முடிந்துவிடும். அதில் தேறினால் அதே ஆண்டு பதினொன்றில் சேரலாம். துணைத் தேர்வு முடிவு வரும்போது பள்ளி திறந்து வாரங்கள் ஓடியிருக்கும் என்பதால், தேர்வு எழுதப் போகும் முன்பே ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் "தேறி வந்தால் இந்த குரூப்பில் இடம் தருவீர்களா" என்று கேட்டு வைத்துவிடுங்கள். அந்தப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தையும் வாங்கி, நடத்தி முடித்த பாடங்களைக் குறித்துக்கொண்டு வந்தால் பிள்ளை சேர்ந்த அன்றைக்கே வகுப்போடு சேர்ந்து நடக்க முடியும்.